பிள்ளை, குடும்பம், அலுவலகம்: மதுரைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உசிலம்பட்டி, சேடபட்டி, மேலூர் பக்கங்களிலும் மதுரை நகருக்குள்ளும் குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணியாளராகப் பதினாறு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் வரும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். அலுவலகத்தைப் பார்த்துக் குடும்பம் பயப்படுவதாலும், குடும்பத்தை அலுவலகம் நம்பாததாலும் வீட்டிலேயே வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் குழந்தைகள் இல்லத்தில் (ஹோமில்) வளர்ந்ததை நிறையப் பார்த்துவிட்டேன்.

1098-க்கு போன் செய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

மாட்டார்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை இது. 2023 முதல் மாநில அரசுகள் மாவட்ட நிர்வாகம் வழியாக நடத்துகின்றன. பிள்ளையே கூப்பிடலாம். அம்மா, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர், யாரும் கூப்பிடலாம்.

கூப்பிட்டதும் ஒருவர் வந்து பார்த்து, பேசி, என்ன தேவை என்று எழுதிக்கொள்வார். பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து இருந்தால் மட்டுமே வெளியே கூட்டிப் போவது பற்றிப் பேச்சு வரும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பிள்ளையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களையும் இதே சட்டம்தான் கட்டுப்படுத்துகிறது.

எந்த அலுவலகம் எதற்கு? ஒன்றும் புரியவில்லையே.

புரியாதது உங்கள் தவறு இல்லை, பெயர்கள் அப்படி இருக்கின்றன. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

குழந்தைகள் நலக் குழு முடிவு எடுக்கும் இடம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். மாஜிஸ்ட்ரேட்டுக்கு இருக்கும் அதிகாரம் இவர்களுக்கும் உண்டு. ஆனால் கோர்ட் மாதிரி கூண்டு கிடையாது, முகம் பார்த்துத்தான் பேசுவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வேலையைச் செய்யும் இடம். வீட்டுக்கு வந்து விசாரிப்பவர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். இருக்குமிடம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய்க் கேளுங்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். மூன்றாவது, உங்கள் ஊர் அளவில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சி, பள்ளி, அங்கன்வாடி, ஊர்க்காரர்கள் சேர்ந்தது. சில ஊர்களில் இது உயிரோடு இருக்கிறது, சில ஊர்களில் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கிராம சபையில் எழுந்து "போன தடவை குழு எப்போது கூடியது?" என்று யாராவது ஒருவர் கேட்டால் போதும், அடுத்த மாதம் கூடிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் உண்டு. பிள்ளைகளிடம் பேசும்போது அவர் யூனிபார்மில் இருக்கக் கூடாது.

குழந்தைகள் நலக் குழு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன நடக்கும்?

ஆதரவில்லாமலோ ஆபத்திலோ கண்டெடுக்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழு முன் கொண்டுவர வேண்டும். பயண நேரம் இதில் சேராது. அதன்பின் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து சமூக விசாரணை அறிக்கை எழுதுவார். அதற்கு 15 நாள். குழு தன் இறுதி முடிவைச் சொல்ல, பிள்ளையை முதலில் கொண்டுவந்த நாளிலிருந்து நான்கு மாதம்.

அந்த 15 நாள்தான் உங்களுக்கு முக்கியம். வீட்டுக்கு வருகிறவர் ஓட்டு வீடா ஓலை வீடா என்று பார்த்துவிட்டுப் போனால் அறிக்கையில் உங்கள் வறுமை மட்டும்தான் இருக்கும். அவரிடம் மற்றதையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு யாரிடம் ஒட்டுதல் அதிகம், அப்பத்தாவிடமா அம்மாச்சியிடமா? நீங்கள் வேலைக்குப் போனால் சாயங்காலம் யார் பார்ப்பார்? பக்கத்துத் தெருவில் சித்தி இருக்கிறாளா? பள்ளியில் எந்த டீச்சரைப் பிள்ளைக்குப் பிடிக்கும்? இதையெல்லாம் கேட்காமல் எழுதப்பட்ட அறிக்கைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எழுதிக்கொண்டாரா என்றும் கேளுங்கள்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். விவரம் தெரிந்த உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதற்கு வருமான வரம்பே இல்லை. போன் நம்பர் 15100. குழு ஆணை போட்டால் நகல் கேட்டு வாங்குங்கள். முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம் கையெழுத்து. "ஏக்கா, இதுல கையெழுத்துப் போட்டா பையனைத் திருப்பிக் குடுக்க மாட்டாங்களோ?" என்று என் காதோரம் கேட்ட அம்மாக்கள் எத்தனையோ பேர். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரிந்த பிறகு போடுங்கள்.

கஷ்டத்தினால் பிள்ளையை ஒரு ஹோமில் விட்டுவிட்டேன். என்மேல் கேஸ் வருமா?

பிள்ளையைக் கைவிடுவதும் கொடுமை செய்வதும் குற்றம்தான். ஆனால் பெற்றவர்களின் கைமீறிய சூழ்நிலையால் அப்படி நடந்திருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கருதக் கூடாது, தண்டனைப் பிரிவு பொருந்தாது என்று அதே சட்டப் பிரிவு சொல்கிறது. எனவே பயந்து ஒளிய வேண்டாம்.

பார்க்க வேண்டியது அந்த ஹோம் பதிவு பெற்றதா என்பதைத்தான். பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பாதுகாப்பு அலகில் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். "நல்லா படிக்க வைக்கிறோம், லீவுக்கு மட்டும் வாங்க" என்று கையெழுத்துக்கூட இல்லாமல் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் தயவுசெய்து விடாதீர்கள். பதிவு பெற்ற இல்லமாக இருந்தாலும் பிள்ளையைத் திரும்பக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை என்று சட்டம் சொல்கிறது. போய்ப் பாருங்கள், அடிக்கடி பாருங்கள். பார்க்க விடாவிட்டால் குழுவிடம் சொல்லுங்கள்.

மாதம் 4,000 ரூபாய் தருகிறார்களாமே?

ஆமாம். நிதி ஆதரவுத் திட்டம் என்று பெயர். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் வருகிறது, மாநில அரசும் பங்கு போடுகிறது. ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், அதிகபட்சம் 18 வயது வரை. கணவனை இழந்தவர், விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளைகள், பெற்றவருக்குக் கடும் நோயோ முடக்கமோ உள்ள பிள்ளைகள், வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகள் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. அம்மா கட்டட வேலைக்குப் போகிறார், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. இந்த ஒரு காரணத்துக்காக இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளை நான் அறிவேன். அங்கே பாசத்துக்குக் குறைவே இல்லை. குறைந்தது வாடகைப் பணமும் பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும்.

கேட்கும் தாள்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்று. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கணவர் விட்டுவிட்டுப் போயிருப்பார், அதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. இந்த இடத்தில் விஏஓ, பள்ளித் தலைமையாசிரியர், ஊர்க் குழு ஆகியோர் உண்மை நிலையை எழுதித் தந்தால் வேலை நகரும். இன்னொன்று, ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் இன்னொரு பெயர். இதை முதலிலேயே சரி செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பணம் வரத் தொடங்கிய பிறகு பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள்.

தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் தனி. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கும் மாதம் 2,000 ரூபாய், பள்ளிப் படிப்பு முடியும்வரை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று அலகில் கேட்டுச் செய்யுங்கள்.

அதிகாரிகளும் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் 1989-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பு அங்கே பூர்வகுடிகளான மவோரி மக்களின் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டு போய் இல்லங்களில் வளர்த்து, அந்தப் பிள்ளைகள் தங்கள் இனத்தை விட்டே அந்நியப்பட்டுப் போனார்கள். "எங்கள் பிள்ளையைப் பற்றி எங்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்?" என்று அந்த மக்கள் கேட்ட கேள்வியிலிருந்து வந்த ஏற்பாடுதான் குடும்பக் கூட்டம். பெரியம்மா, மாமா, தாத்தா எல்லாரையும் அழைத்து நிலைமையைச் சொல்லிவிட்டு, அதிகாரிகள் வெளியே போய்விடுவார்கள். குடும்பம் தனியாகப் பேசித் திட்டம் போடும். பிறகு அதிகாரிகள் உள்ளே வந்து, அந்தத் திட்டம் பிள்ளைக்குப் பாதுகாப்பா என்று பார்த்து ஒப்புக்கொள்வார்கள்.

நம் சட்டத்தில் இப்படி ஒரு கூட்டம் கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்பது கட்டாயம். அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதுங்கள் என்றுதான் நான் எப்போதும் வாதாடியிருக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பையன், வயது 13. அப்பா இல்லை. அம்மா 20,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, வடக்கே முறுக்கு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். எண்ணெய்க் கொப்பரை முன்னால் விடிகாலையிலிருந்து நிற்கிற வேலை. மீட்டுக் கொண்டுவந்தபோது முழங்கை வரை எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. அம்மாவைக் குற்றவாளியாகப் பார்த்துவிட்டு, பையனை இல்லத்தில் போட்டுவிடுவது சுலபமான முடிவு. அதைத்தான் முதலில் யோசித்தார்கள்.

அவன் படித்த பள்ளியில் ஒரு வகுப்பறையில் கூடினோம். அம்மா, அப்பத்தா, தாய்மாமன், தலைமையாசிரியர், பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர், நான், பையன். முதல் அரை மணி நேரம் மாமா அக்காவைத் திட்டினார். அப்பத்தா குறுக்கிட்டு, "அந்த ரூவாய்க்கு நீ வந்தியாடா? அவ புருசன் கெடையில கெடந்தப்ப ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கினதைக் கட்டத்தான் அது" என்றார். அதற்குப் பிறகு வகுப்பறை அமைதியாகிவிட்டது. அந்தக் கடனைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட இல்லை.

முன்பணக் கடன் பையனை இன்னும் கட்டி வைத்திருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை என்று சமூகப் பணியாளர் விளக்கினார். ஏஜென்ட் வந்து மிரட்டினால் யாரிடம் சொல்வது என்றும் எழுதிக் கொடுத்தார். நிதி ஆதரவுக்கு அங்கேயே மனு எழுதப்பட்டது. சாயங்காலம் பையன் அப்பத்தா வீட்டில் இருப்பது, மாமா வாரம் ஒருமுறை வந்து பார்ப்பது, விட்டுப்போன பாடத்துக்குத் தலைமையாசிரியர் வழி செய்வது என்று முடிவானது. பையன் கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய கிளாஸ்ல சின்னப் பசங்களோட உக்காரச் சொல்லாதீங்க சார்." அதையும் திட்டத்தில் எழுதினோம். அவன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான்.

ஊர்ப் பஞ்சாயத்தும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றில்லை. பஞ்சாயத்தில் பெரிய மனிதர்கள் தீர்ப்பு சொல்வார்கள், பெண்ணும் பிள்ளையும் ஓரமாக நிற்பார்கள். இங்கே பிள்ளை நடுவில் உட்கார வேண்டும். தீர்ப்பு கிடையாது, யார் எதைச் செய்வார் என்ற கணக்கு மட்டும்தான்.

பிள்ளை சொல்வதை யாராவது கேட்பார்களா?

கேட்டாக வேண்டும். தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளையின் பேச்சுக்கு இடம் தருவது சட்டத்தின் கொள்கைகளில் ஒன்று. வீட்டார் ஒன்று செய்யலாம்: குழு முன் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீர்கள். உறுப்பினர்களுக்கு உடனே தெரிந்துவிடும், பிள்ளைக்கும் பாரம்.

வீட்டுக்குள்ளேயே அடியும் தொந்தரவும் என்றால் அங்கேயும் கூட்டிப் பேசி முடிக்கலாமா?

கூடாது. மேலே சொன்ன கூட்டம் வறுமை, நோய், பிரிவு, கடன் போன்றவற்றுக்கு. பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு என்றால் அது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். விஷயம் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதும் குற்றம். "குடும்ப மானம், வீட்டுக்குள்ளேயே பேசிக்கலாம்" என்று சித்தப்பாவும் மாமாவும் கூடி முடித்துவைத்த ஒரு வீட்டுக்கு நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

புகார் கொடுத்தால் பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை பெண் அதிகாரி, யூனிபார்ம் இல்லாமல். இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரோ படமோ வெளியே போகக் கூடாது. வழக்கு முடியும்வரை கூட இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழு நியமிக்கலாம், கேட்டு வாங்குங்கள். இந்த வீடுகளிலும் குடும்பம் தேவைதான். தொந்தரவு செய்தவரை விட்டுவிட்டு, பிள்ளையின் பக்கம் நிற்கக்கூடிய அம்மாச்சியோ அத்தையோ யார் என்று தேடுவதுதான் எங்கள் முதல் வேலை.

பெண்ணுக்கு 18 ஆகவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு. யாரிடம் சொல்வது?

1098, அல்லது மாவட்டச் சமூக நல அலுவலர். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ல் வந்தது. நடத்துபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். முகூர்த்தத்தன்று மண்டபத்துக்கு ஜீப்பில் போய் நிறுத்துவதைவிட, பூ வைப்பதற்கு முன்பே டீச்சரோ அங்கன்வாடி அம்மாவோ வீட்டில் போய்ப் பேசுவது எவ்வளவோ மேல். வீட்டார் பயம் பெரும்பாலும் "தனியா எப்படிப் பாதுகாக்கிறது" என்பதுதான். விடுதி இடம், பஸ் வசதி, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்து ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன வீடுகளில் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது.

பிறந்த பிள்ளையை வளர்க்கவே முடியாது என்ற நிலை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இதில் ஒரு வலி உண்டு. பெண் சிசுக் கொலைக்காக உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. வளர்க்க முடியாத பிள்ளையை அரசுத் தொட்டிலில் விடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமும் வந்தது. அந்தப் பழைய பேச்சை வைத்து இன்றும் எங்கள் ஊர்த் தாய்மார்களைக் குற்றவாளிபோலப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்க்கிறவர்களிடம் எந்தத் தாயும் வாய் திறக்க மாட்டாள்.

முடியவே முடியாது என்றால் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். முதலில் ஆற்றுப்படுத்துநர் பேசுவார், உதவி கிடைத்தால் வளர்க்க முடியுமா என்று பார்ப்பார்கள். ஒப்படைத்த பிறகும் மனம் மாற இரண்டு மாதம் உண்டு, அதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது "நல்ல குடும்பம் இருக்கு, செலவுக்குப் பணமும் தருவாங்க" என்று பேசினால் அது விற்பனை. நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

அலுவலகத்தில் மரியாதை இல்லாமல் பேசினால்?

பேசுவார்கள், எனக்கே நடந்திருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஓர் அம்மாவை நான்கு முறை அலைய விட்டு, ஐந்தாம் முறை "பெத்துட்டா போதுமா?" என்று கேட்டார்கள். அவர் அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் படியை மிதிக்கவில்லை, பிள்ளை ஒரு வருடம் கூடுதலாக இல்லத்தில் இருந்தது. எனவே எல்லாவற்றையும் மனுவாக எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பேசியவர் பதவி, தேதி, சொன்ன பதில் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த முறை அந்த நோட்டை மேசைமேல் வைத்துப் பேசினாலே தொனி மாறும்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

பக்கத்தில் இருக்கும் போலீஸ் உதவி மையத்துக்கு உடனே போங்கள், 1098-க்கும் சொல்லுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று காலையிலேயே பிள்ளையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள். அன்று போட்டிருக்கும் உடுப்போடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வீடு திரும்பிவிட்டது. அதோடு முடிந்ததா?

இல்லை, கொஞ்ச காலம் வந்து பார்ப்பார்கள். அதை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மாதம் கடினமாகத்தான் இருக்கும். பிள்ளை பேசாமல் இருக்கும், படுக்கையில் ஒன்றுக்குப் போகும், சோற்றை ஒளித்து வைக்கும், சின்ன விஷயத்துக்குக் கத்தும். எல்லாம் நான் பார்த்தவை. "அங்கயே இருந்திருக்கலாம்ல" என்று கோபத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். ஆற்றுப்படுத்துநரை வரச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பள்ளியில் உடனே சேர்த்துவிடுங்கள். டிசி வரவில்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலைச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். 2022 செப்டம்பர் 15-ல் இந்தக் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம் மதுரையில்தான். விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். முதல் வாரம் மட்டும் நீங்களோ அப்பத்தாவோ கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். மணி அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நில்லுங்கள், பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும்.